ஊருக்கு எழுதி வச்ச லீவு

ரோலர் கோஸ்டர்ல ஜனங்க கத்துற சத்தத்தை மைக் வழியா லண்டன் வரைக்கும் அனுப்பி வச்ச புண்ணியவான் நான்தான். கிளையண்ட் பக்கத்து அம்மா பேச்சை நிறுத்திட்டு, "அங்க யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"ன்னு நிஜமாவே பதறிப் போய் கேட்டாங்க. "ரோட்டுல ஏதோ ஊர்வலம்"னு சமாளிச்சேன். பச்சைப் பொய். பின்னணியை மங்கலாக்கி வச்சிருந்ததால ஓட்டல் கட்டில் தெரியலை. மைக்கை அமுக்கி வைக்கத்தான் மறந்துட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

பூனாவுக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. ஹிஞ்சேவாடியில பொட்டி தட்டுற வேலை. கொரோனாவுக்கு அப்புறம் வாரத்துல பாதி நாள் வீட்டுல இருந்தே ஆணி பிடுங்கலாம்னு ஆச்சு. 2020 நவம்பர்ல தொலைத்தொடர்புத் துறை பிபிஓ கம்பெனிகளுக்கான விதிகளைத் தளர்த்தி, ஆளுங்க எங்க இருந்து வேணும்னாலும் வேலை பார்க்கலாம்னு வழி பண்ணினாங்க. மத்த கம்பெனிகளும் அந்த ருசியைப் பார்த்தாச்சு. வேலைங்கறது ஒரு இடம் இல்லை, ஒரு லேப்டாப்புன்னு எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. அங்கதான் ஆரம்பிச்சது வினை.

எங்க பொண்ணுக்கு இப்போ பதினோரு வயசு. பொறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கதான். கோபோலி பக்கத்துல இமேஜிகான்னு ஒரு தீம் பார்க் இருக்கு. 2013ல திறந்தது. மும்பைக்காரங்களுக்கும் பூனாக்காரங்களுக்கும் நடுவுல, எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனா வந்துடும். அதுல நைட்ரோன்னு ஒரு ரோலர் கோஸ்டர். கால் வைக்கத் தரையே கிடையாது, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்துல போகணும். 2023ல போனப்போ, அளவுகோல் பக்கத்துல நிக்க வச்சுப் பார்த்துட்டு, உயரம் பத்தாதுன்னு அனுப்பிட்டாங்க. நாலு விரக்கடை குறைச்சல். அன்னைலேர்ந்து எங்க வீட்டுக் கதவு நிலையில பென்சில் கோடு ஏறிக்கிட்டே வந்தது. "உயரம் வந்ததும் நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏறணும்ப்பா"ன்னு சொல்லி வச்சிருந்தா. நானும் சரின்னு தலையாட்டி இருந்தேன். தங்கமணிக்கு ஊஞ்சல் வேகமா ஆடினாலே தலை சுத்தும். அதனால ஏறுறதுன்னா நான்தான்.

2025 தீபாவளிக்கு முன்னாடி கோடு தாண்டிடுச்சு.

மகாராஷ்டிராவுல இருக்கறவங்களுக்குத் தெரியும், இங்க பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு வாரத்துக்கும் மேல தீபாவளி லீவு. நம்ம ஊர்ல நாலு நாள் விட்டாலே பெரிசு. பட்டாசுப் புகை அடங்கறதுக்குள்ள சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க எல்லாம் பையைத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிடும். ஆக ஊருக்குப் போயும் பிரயோசனம் இல்லை. பொண்ணு கோபோலின்னா.

லீவுக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். மகாராஷ்டிராவோட 2017 கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி வருஷத்துக்கு 8 நாள் கேஷுவல் லீவு. அது போக, 240 நாளாவது வேலை பார்த்தவங்களுக்கு 20 நாளைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோட லீவு. எங்க ஆபீஸ் கணக்கும் கிட்டத்தட்ட இதை ஒட்டித்தான், 21 நாள். அந்த வருஷம் பொங்கலுக்கு 4, மே மாசம் சங்கரன்கோவிலுக்கு 8, அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு 4, சித்தி பையன் கல்யாணத்துக்கு 3. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஏறி, மதுரையில இறங்கி, ராஜபாளையம் வழியா பஸ் பிடிச்சு வீட்டு வாசல் மிதிக்கறதுக்குள்ளயே எவ்வளவு லீவு தீர்ந்து போகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் ரெண்டே நாள்.

அந்த ரெண்டு நாளைத் தொட மாட்டேன். ஏன்னு இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு 74 வயசு. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிச்சா யாரா இருக்கும்னு நெஞ்சு அடிச்சுக்கற ஜாதி நாம. வெளியூர்ல பொழைக்கிற எல்லார் லீவுக் கணக்குலயும் அப்படி ரெண்டு நாள் பூட்டி வச்சிருக்கும்.

அப்போதான் இந்த மகா யோசனை வந்தது. பார்க்கை ஒட்டியே ஓட்டல் இருக்கு. திங்கள்லேர்ந்து புதன் வரைக்கும் ரூம் போடுவோம். நான் ரூம்ல இருந்து ஆணி பிடுங்கறேன், அம்மாவும் பொண்ணும் விளையாடட்டும். மத்தியான மீட்டிங் முடிஞ்சதும் நான் கீழ வந்து நைட்ரோ ஏறிடறேன். லீவும் போகாது, பிள்ளை ஆசையும் நிறைவேறும். டேமேஜர்கிட்ட மூச்சு விடலை. என்ன மூளைடா உனக்குன்னு எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கிட்டேன்.

முதல் நாளே மூளை பல்லைக் காட்டிடுச்சு. லண்டன்காரங்களோட தினசரி மீட்டிங் அவங்க நேரம் காலை பத்து மணி. கோடை முழுக்க அது நமக்கு மத்தியானம் ரெண்டரை. அதை நம்பித்தான் பிளான். ஆனா 2025 அக்டோபர் 26, ஞாயித்துக்கிழமை, பிரிட்டன்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளிட்டாங்க. திங்கக்கிழமை மீட்டிங் மூணரைக்குப் போயிடுச்சு. வருஷா வருஷம் நடக்கிற கதை, காலண்டர்லயும் தானா மாறி நிக்குது, நான்தான் பழைய நினைப்புல இருந்திருக்கேன். முதல் நாள் மீட்டிங் ஐஞ்சுக்கு முடிஞ்சது. அன்னிக்கு வேண்டாம், நாளைக்குன்னேன்.

செவ்வாய்க்கிழமை அதே மூணரை. ஏதோ ஒரு ரிலீஸ் இடிச்சுக்கிட்டு நின்னுது. நாலரை ஆச்சு. தங்கமணிகிட்டேர்ந்து மெசேஜ்: "வரிசையில நிக்கறோம். வர்றீங்களா இல்லையா?" பத்து நிமிஷம்னு போட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு பத்து நிமிஷம்.

அப்புறம் மெசேஜ் வரலை.

எங்க ரூம் ஜன்னல் வழியாப் பார்த்தா தூரத்துல அந்தத் தண்டவாளம் தெரியும். காதுல ஹெட்செட்டோட எழுந்து போய் நின்னேன். வண்டி ஏறி, உச்சிக்குப் போய், கவுந்தது. எல்லாரும் கையைத் தூக்கி இருந்தாங்க. அதுல எங்க பொண்ணு இருக்காளா இல்லையான்னே தெரியலை. இருந்தா எதுன்னும் தெரியலை. லண்டன் அம்மா கேட்ட சத்தம் அதுதான். அதுல அவ சத்தமும் இருந்ததுன்னு ராத்திரிதான் தெரிஞ்சது.

நடந்தது இதுதான். வரிசை நகர்ந்து கிட்ட வந்ததும் இவ திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கா. அப்புறம் முன்னாடி நின்ன நாசிக் குடும்பத்து அம்மாகிட்ட, "காக்கூ, நான் உங்ககூட உட்காரட்டுமா?"ன்னு மராத்தியில கேட்டிருக்கா. அவங்க, "வா பேட்டா"ன்னு தன் பிள்ளைகளோட சேர்த்து உட்கார வச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டாங்களாம். இறங்கினதும் ஐஸ்க்ரீம் வேற வாங்கிக் கொடுத்திருக்காங்க. ரூமுக்கு வந்து மூச்சு விடாம சொன்னா, பாதி தமிழ்ல, பாதி மராத்தியில. ஒரு வார்த்தை குறை சொல்லலை. "நீங்க நாளைக்கு ஏறுங்கப்பா, நான் கீழ நின்னு பார்க்கறேன்"னா. அவ திட்டியிருந்தா தேவலைன்னு இருந்தது.

திட்டறதுக்குத் தங்கமணி இருந்தா. பொண்ணு தூங்கினதும் மெதுவா கேட்டா: "ஊருக்குப் போறப்ப லேப்டாப்பைத் தூக்கிட்டு வர்றீங்களா? இல்லையே. அத்தைக்கும் மாமாவுக்கும் லீவு போடறீங்க. போட வேண்டியதுதான், நான் வேணாம்னு சொல்லலை. இவளுக்கு மட்டும் லேப்டாப்பா?"

பதில் இல்லை. இப்பவும் இல்லை.

யோசிச்சுப் பார்த்தா, நம்ம பல பேர் வீட்டுல இதான் நடக்குது. லீவுன்னாலே அது ஊருக்கு எழுதி வச்ச சொத்து. பொங்கல், கொடை, கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரி. வாழ்ற ஊருக்குன்னு ஒரு நாள் கூட வைக்கறதில்லை. நமக்கு இது பொழைக்க வந்த இடம், சரி. பிள்ளைங்களுக்கு? எங்க பொண்ணுக்கு ஊர்னா பூனாதான். சங்கரன்கோவில் அவளுக்கு ஆச்சி வீடு. ரொம்பப் பிடிச்ச ஆச்சி வீடு, ஆனா ஆச்சி வீடு. அவ ஊர்ல அவளோட நாம ஒரு நாள் முழுசா இருந்ததே இல்லைன்னா, அவ கணக்குல நாம எங்க இருந்தோம்?

வெளியில இருந்து வேலை பார்க்கறதே தப்புன்னு சொல்ல வரலை. மே மாசம் ஊர்ல எட்டு நாள் லீவுக்கு அப்புறம் இன்னொரு வாரம் அங்க இருந்தே வேலை பார்த்தேன். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நான் உள் ரூம்ல பொட்டி தட்டிக்கிட்டு இருந்தா, பிள்ளைங்க தெருவுல, அம்மா அடுப்படியில, அப்பா திண்ணையில, அவங்கவங்க பாட்டுக்கு இருக்காங்க. சாப்பாட்டுக்கு எழுந்து வந்தா போதும், அதுவே அவங்களுக்கு நிறைவு. அது வீடு. வீட்டுல ஆள் இருக்கறதே பாதி உதவி.

தீம் பார்க் ஓட்டல் அப்படி இல்லை. அங்க சும்மா இருக்கறதுக்கு யாரும் போறதில்லை. டிக்கெட்டுக்கு நேரம் உண்டு, வரிசைக்கு நேரம் உண்டு, சாயங்காலம் ஆனா மூடிடுவான். நீங்க வர்ற வரைக்கும் மத்தவங்க எதையாவது நிறுத்தி வச்சுக்கிட்டு நிக்கணும். அங்க மிஸ்டர் இந்தியா படத்தை வச்சு ஒரு ரைடு இருக்கு. 1987ல வந்த படம், கைக்கடிகாரம் மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டா ஆள் கண்ணுக்குத் தெரிய மாட்டான். அந்த மூணு நாளும் அந்த ஆள் நான்தான். எனக்கு ஹெட்செட்டே போதுமா இருந்தது.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. எங்க வீட்டுலேர்ந்து கோபோலி ரெண்டு மணி நேரம். ஒரே ஒரு நாள் லீவு போட்டிருந்தா காலையில கிளம்பி, ஆசை தீர ஏறி இறங்கி, ராத்திரி வீட்டுக்கு வந்து தோசை ஊத்திச் சாப்பிட்டிருக்கலாம். ஓட்டலே தேவைப்பட்டிருக்காது. ரெண்டு ராத்திரி ரூம் வாடகை எதுக்குக் கொடுத்தேன்? லேப்டாப் வைக்க ஒரு மேசைக்கு. லீவை மிச்சம் பிடிக்கறேன்னு காசையும் விட்டு நாளையும் விட்டேன்.

சட்டம் வந்து காப்பாத்துமான்னா, அதையும் பார்த்துட்டேன். பாராமதி எம்.பி. சுப்ரியா சுலே, ஆபீஸ் நேரத்துக்கு அப்புறம் போன் எடுக்காம இருக்க உரிமை வேணும்னு 2018ல ஒரு மசோதா கொண்டு வந்தாங்க. 2025 டிசம்பர்ல மறுபடியும் கொண்டு வந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா 1970க்கு அப்புறம் நம்ம நாட்டுல ஒரு தனிநபர் மசோதா கூட சட்டமானதில்லை. அது ஆனா கூட எனக்கு உதவியிருக்காது. என்னை யாரும் கூப்பிடலையே! மத்தியானம் மூணரை மணி, முறையான ஆபீஸ் நேரம். நானேதான் லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனேன். அப்புறமா டேமேஜர்கிட்ட உண்மையைச் சொன்னப்போ அவர் சிரிச்சுட்டு, "ஒரு நாள் லீவு கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே"ன்னார். அது வேற.

அந்த ரெண்டு நாள் என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? கடவுள் புண்ணியத்துல ராத்திரி போன் எதுவும் வரலை. அப்பா நல்லா இருக்கார், கண்ணாடி இல்லாமலே தினத்தந்தி படிக்கிறார். அந்த ரெண்டும் கேஷுவல் லீவு. எங்க ஆபீஸ்ல அது அடுத்த வருஷத்துக்குப் போகாது. டிசம்பர் 31 ராத்திரியோட காலாவதி.

இப்போ புது வழக்கம். வருஷ ஆரம்பத்துலயே ரெண்டு நாளைப் பொண்ணு பேர்ல எழுதி வச்சாச்சு. எந்த நாள்னு அவதான் சொல்லணும். எங்கயும் போக வேண்டாம், வீட்டுலயே இருப்போம்னு சொன்னாலும் சரி. ஊர்ல திடீர்னு ஏதாவதுன்னா? சம்பளம் பிடிச்சாலும் பரவாயில்லைன்னு ஓட வேண்டியதுதான். அந்த நாளைக்கு எந்த ஆபீஸும் நம்மைத் தடுக்கப் போறதில்லை. நைட்ரோ வரிசையில பொண்ணு திரும்பித் திரும்பிப் பார்த்த நாளைத்தான் சம்பளத்தை விட்டுக் கொடுத்தாலும் திருப்பி வாங்க முடியாது.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே? உங்க லீவுக் கணக்குல உங்க பிள்ளை ஊருக்கு எத்தனை நாள்?

டிஸ்கி: புதன்கிழமை காலையில, ஆபீஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போய் நைட்ரோ ஏறலாம்னு பார்த்தேன். அந்நேரத்துக்குப் பார்க்கே திறக்கலை. பொண்ணு இன்னும் ரெண்டு கோடு வளர்ந்துட்டா. அவ எழுதி வச்ச முதல் நாளுக்கு எங்க போகணும்னு கேட்டேன். யோசிக்கவே இல்லை.