சூழலைப் படிப்பவர் சமுதாயத்தையும் படிக்க வேண்டாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

"சுற்றுப்புறச் சூழல்" என்ற சொல்லைக் கேளாத மாணவர் இன்று நம் கல்லூரியில் எவரும் இரார். தமிழ் இலக்கியம் பயில்வோரும், வணிகவியல் பயில்வோரும், என்னைப் போல் வேதியியல் பயில்வோரும் ஒரு பருவத்தில் அப்பாடத்தை எழுதித் தேறியே ஆக வேண்டும். இது தானாக வந்து சேர்ந்ததன்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சூழல் கல்வியைக் கட்டாயமாக்குமாறு பணித்தது. பின்னர், பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலை வகுப்புகள் அனைத்துக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. அத்திட்டத்தில் சமூகப் பிரச்சினைகளுக்கென ஓர் அலகு உண்டு. இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் மறுவாழ்வும் அதில் ஒரு தலைப்பே. தேர்வுக்கு முந்தைய இரவில் அதனை ஐந்து மதிப்பெண் வினாவாகப் படித்து, காலையில் எழுதி, மாலையில் மறந்து போகிறோம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. விங்க்ளர் முறை என்பர். குப்பியில் காற்றுக் குமிழி புகாமல் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரங்கலந்த அயோடைடையும் சேர்த்தால் பழுப்பு நிற வீழ்படிவு தோன்றும். அமிலம் விட்டு அதைக் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்து, பியூரெட்டிலிருந்து சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, நீல நிறம் மறையும் நொடியில் விடை கிடைத்துவிடுகிறது. மீன்கள் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும். சாக்கடை கலந்த நீரில் வீழ்படிவு பழுப்பாக மாறுவதே இல்லை, வெள்ளையாகவே நின்றுவிடும். ஆக்சிஜன் இல்லை என்பது அதன் பொருள்.

இவ்வளவும் நன்றே. ஆனால் ஏன் இல்லை? யாருடைய கழிவு அதில் கலக்கிறது? கரையில் குடியிருப்பவருடையதா, மாடி வீடுகளிலிருந்து குழாய் வழியே வருவதா? தூய்மைப்படுத்தப் போகிறோம் என்று சொல்லி யாரை எழுப்புகிறார்கள், யாரை விட்டுவிடுகிறார்கள்? எந்த வேதிப்பொருளைச் சேர்த்தாலும் குப்பி இதற்கு விடை சொல்லாது. இக்கேள்விகளுக்கும் முறையான படிப்பு உண்டு. பொருளியல், வரலாறு, சமூகவியல், அரசியல் ஆகிய துறைகளின் வழியாகச் சூழலைப் பயிலும் முதுகலைப் படிப்பே அது. அப்படிப்பு நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் தொடங்கப்பட வேண்டும், அதில் அறிவியல் பட்டதாரிகளும் சேர வழி இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எங்கள் அபிராமபுரத்தை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயையே எடுத்துக்கொள்வோம். திருமயிலையிலிருந்து மந்தைவெளி வழியாக அடையாற்றை நோக்கிச் செல்லும் அந்த நீர்நிலையை நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்கிறோம். அது எப்படி வந்தது என்று எத்தனை பேர் அறிவோம்? கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி 1877-78 இல், தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் அழைத்த அந்தப் பெரும் பஞ்சக் காலத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. உண்ண உணவின்றிப் பட்டணத்துக்கு ஓடிவந்த ஏழை மக்கள் சொற்பக் கூலிக்கு மண் சுமந்தார்கள். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன். அவர் பெயர் கால்வாய்க்கு நின்றது. மண் சுமந்தவர் பெயர் எதிலும் இல்லை.

பின்பு படகுப் போக்குவரத்து குறைந்தது, சாக்கடை பெருகியது. அதன் பிறகு பறக்கும் இரயில் வந்தது. 1995 இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997 இல் திருமயிலை வரையும், 2007 இல் வேளச்சேரி வரையும் ஓடத் தொடங்கிய இப்பாதையின் தூண்கள் நெடுந்தொலைவு கால்வாயிலேயே ஊன்றப்பட்டுள்ளன. நானும் அதில் போகிறவன்தான். இரயில் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் கால்வாயில் கான்கிரீட் தூண் நிற்பது வளர்ச்சி, கரையில் கூரை வீடு நிற்பது ஆக்கிரமிப்பு என்று எந்த அளவுகோலைக் கொண்டு பிரித்தார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், கால்வாய்க் கரையிலிருந்த வீடுகள் நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிர் நீத்தார். அதன் பின்னரே, அம்மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அருகிலேயே வீடு தருவது இயலும் என்றால் அது முதலில் ஏன் தோன்றவில்லை? ஓர் உயிரை விலையாகக் கொடுத்தா இதைக் கண்டுபிடிக்க வேண்டும்?

பொதுவாக, நீர்க்கரையிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும்தான் அனுப்பப்பட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் சென்றன. அபிராமபுரத்தில் காலை ஆறு மணிக்கு வாசல் தெளித்துக் கோலமிட்டு, மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்குப் பெரும்பாக்கம் என்பது ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, உண்மை. ஆனால் நேரத்துக்குக் கட்டண விலக்கு தர எந்த அரசாலும் முடியாது. எத்தனை பெண்கள் வேலையை இழந்தார்கள், எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள் என்பவையும் சூழல் பற்றிய புள்ளிவிவரங்களே. இத்தனைக்கும் பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துச் சென்ற இடத்திலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது!

இதையெல்லாம் முறையாக ஆராய்ந்தோர் இல்லாமலில்லை. காரென் கோயெல்ஹோ, நித்யா ராமன் என்ற இருவர் 2010 இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி ஏட்டில் சென்னை நீர்வழிகளையும் குடிசை அகற்றத்தையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். நீர்வழிகள் கெட்டதற்குப் பழி முழுவதும் குடிசைவாசிகள் தலையில் விழுகிறது, பெரிய கட்டடங்களும் அரசுத் திட்டங்களும் பிடித்த இடமோ கணக்கில் வருவதில்லை என்பதை அக்கட்டுரை எடுத்துக்காட்டியது. (அவ்விருவரில் நித்யா ராமன் பின்னாளில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகர மன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். கூவத்தை ஆராய்ந்தவருக்கு வேலை கிடைக்காது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்!) கோயெல்ஹோ பணியாற்றிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் எங்கோ தொலைவில் இல்லை. ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அடையாறு காந்தி நகரில் இருக்கிறது. மால்கம் ஆதிசேசையா அவர்கள் 1971 இல் தொடங்கியது. அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யலாம். ஆனால் முனைவர் பட்டம் ஏணியின் உச்சிப் படி. இடைப்படியான முதுகலையில் நம் மாணவர் காலூன்ற இடம் வேண்டாமா?

"இது மேல்நாட்டுப் புதுமோகம்" என்று கருதும் பேராசிரியப் பெருமக்கள் சிலர் இருக்கலாம். அவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய கதை ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1915 இல் இப்பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் 1916 விடுமுறையில் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி, நிலம் யாருடையது, ஏரி எப்படி இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி முதலிய ஊர்களைப் பற்றிய அக்குறிப்புகள் 1918 இல் நூலாக வெளிவந்தன. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறு ஆய்வு நடத்தி, 1940 இல் வெளியிட்டனர். அதன் பின்னும் ஆய்வாளர்கள் அவ்வூர்களுக்குப் போய்வந்த வண்ணம் இருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் நிற்கும் ஒரு பணியைத் தொடங்கி வைத்தவர்கள் நம் வயதொத்த மாணவர்கள்! இன்று நம் கையில் இருப்பதோ விடைத்தாள் மட்டுமே.

அதே காலத்தில் சென்னைக்கு வந்த இன்னொருவர் பாட்ரிக் கெடிஸ். இவர் கதை அறிவியல் மாணவர்க்கு மிகவும் பொருந்தும். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். இளமையில் மெக்சிகோவில் கண் நோய் கண்டு, நுண்ணோக்கியில் நெடுநேரம் வேலை செய்ய இயலாமற் போனது. தாவரவியல் பேராசிரியராக இருந்துகொண்டே நகரங்களையும் மக்களையும் ஆராயத் தொடங்கினார். 1914 இல் அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் கப்பலில் சென்னையை நோக்கி வந்தபோது, எம்டன் அக்கப்பலை மூழ்கடித்துவிட்டது. ஆம், அதே ஆண்டு செப்டம்பரில் நம் துறைமுகத்தில் குண்டு போட்ட, நம் வீடுகளில் இன்றும் தந்திரசாலிகளுக்குப் பெயராக வழங்கும் அதே எம்டன்தான். மனிதர் அயரவில்லை. நண்பர்கள் திரட்டி அனுப்பிய புதிய படங்களைக் கொண்டு 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார்.

பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில், நெரிசலைப் போக்க நேரான சாலைகள் போடுவது என்ற பெயரில் வீடுகளை வரிசையாக இடிக்கும் திட்டம் ஒன்று இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்தார். பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் நீக்கி, திறந்தவெளிகளை ஒன்றோடொன்று இணைத்தாலே காற்றும் வெளிச்சமும் வந்துவிடும், குடியிருப்போரை விரட்ட வேண்டியதில்லை, செலவும் குறைவு என்று காட்டினார். கோவிந்தசாமி நகரைப் பற்றி எழுதும்போது இந்தத் தஞ்சை அறிக்கை என் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? 1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைச் சமூகவியல் பேராசிரியராக்கியது. தாவரவியலிலிருந்து சமூகவியலுக்குச் சென்றதை அன்று எவரும் இறக்கமாகக் கருதவில்லை.

இன்றோ நிலை வேறு. "பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எம்.ஏ.வா? ஏணியில் ஏறியவன் யாராவது இறங்குவானா?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். வீட்டில் கேட்ட கேள்வி இன்னும் கூரியது. "இதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் அக்கேள்விக்கு உரிமை உண்டு. அதை அலட்சியம் செய்துவிட்டு இலட்சியம் பேசுவது எளிது. நான் அதற்கு உடன்படேன்.

வேலை உண்டா என்று பார்ப்போம். 2006 இல் மைய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பல பெருந்திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். 2013 இன் நிலம் கையகப்படுத்தும் சட்டமோ சமூகத் தாக்க மதிப்பீட்டையே கட்டாயமாக்கியது. தமிழ்நாடு தன் சட்டங்கள் சிலவற்றுக்கு அதிலிருந்து விலக்குத் தேடிக்கொண்டது வேறு கதை. இம்மதிப்பீடுகளைச் செய்ய, ஊராரிடம் அமர்ந்து பேசவும் கணக்கெடுக்கவும் நீரின் தன்மை அறியவும் தெரிந்தவர் வேண்டும். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்து, இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. கிணற்று நீரின் உப்பை வேதியியலார் அளந்துவிடலாம். கிணற்றை இழந்த உழவர் எத்தனை பேர், அவர் நிலத்தில் கூலிக்கு வந்தவர் எத்தனை பேர், அவருக்கு என்ன இழப்பு என்பதைக் கணக்கிட வேறு பயிற்சி வேண்டும். வேலை இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் விதிகளில்தான் இப்படிப்பின் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதை அரசே செய்யலாம்.

தில்லியில் அம்பேத்கர் பல்கலைக்கழகம் சூழலையும் மேம்பாட்டையும் இணைத்து முதுகலைப் படிப்பு ஏற்படுத்தியது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் வாழிடம் பற்றிய ஆய்வுக்கென்றே ஒரு பள்ளி உண்டு. வாய்ப்புள்ளோர் போகட்டும். ஆனால் அங்கே போக இரயில் செலவும், விடுதிச் செலவும், ஆங்கிலச் சரளமும் வேண்டும். கால்வாய்க் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இம்மூன்றும் ஒருங்கே வாய்ப்பது அரிது. விளைவு என்ன? கரையில் வாழ்பவரைப் பற்றி வெளியார் எழுதுகிறார்கள். கரையில் வாழ்பவர் பேட்டி மட்டும் கொடுக்கிறார்.

நம் கல்லூரியில் வேதியியல் துறையும் விலங்கியல் துறையும் பொருளியல் துறையும் வரலாற்றுத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. புதுக் கட்டடம் தேவையில்லை. வேண்டியதெல்லாம் துறைத்தலைவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவதே. (அதுதான் கடினம் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்.) முதலாண்டில் நீரையும் மண்ணையும் சோதிக்கக் கலைப் பட்டதாரிகள் கற்கட்டும், பஞ்ச வரலாற்றையும் நிலச் சட்டத்தையும் குடும்பக் கணக்கெடுப்பையும் அறிவியல் பட்டதாரிகள் கற்கட்டும். இரண்டாமாண்டு முழுவதும் களப்பணி. ஆய்வேட்டைத் தமிழில் எழுத அனுமதி வேண்டும். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் அதைப் படித்து, "இது தவறு" என்று சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

பல்கலைக்கழக ஒப்புதலுக்கு நாளாகும் என்றால், அதுவரை சனிக்கிழமைகளில் ஒரு சான்றிதழ் வகுப்பாக நடத்தலாம். முதலாண்டில் பத்துப் பேர் சேர்ந்தாலும் போதும். ஐவர் கையில் விங்க்ளர் குப்பியும் ஐவர் கையில் கணக்கெடுப்பு நோட்டுமாகப் புறப்பட்டால், கால்வாய்க் கரைக்கு நடந்தே போய்விடலாம்.