சிவப்பு மையின் நீதி

கட்டுரைத் தாளைத் திருத்துவோர் எதற்கு மதிப்பெண் இடுகின்றனர்? கண்டதை எழுதியதற்கா, மனனம் செய்ததை இறக்கி வைத்ததற்கா?

கல்லூரிக் கட்டுரை வகுப்பொன்றின் தாள்கள் இரண்டு என் பார்வைக்கு வந்தன. தலைப்பு, ‘விடியற்காலை’. ஒரு மாணவர், கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான் எனத் தொடங்கிப் பழமொழி இரண்டும் குறள் ஒன்றும் செருகியிருந்தார். மற்றவர் திரிங்காப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். வேலையை விட்டுப் பல்லாண்டு ஆகியும் பனி விலகுமுன் எழுந்து, பெரட்டுக்குச் செல்பவள்போல் தலையில் துணி சுற்றி வாசலில் நிற்கும் பாட்டியை எழுதியிருந்தார். ஈரக் கொழுந்தென்று கங்காணி நிறுவையில் கழித்த கணக்கைப் பாட்டி இன்னும் முணுமுணுக்கிறாளாம்.

முன்னவருக்கு இருபதில் 17, பின்னவருக்கு 9. ‘பெரட்டு’ அடிக்கப்பட்டிருந்தது; ‘கொச்சை’ என்று குறிப்பு. ‘கங்காணி’யும் தப்பவில்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் இடம்பெற்ற சொல் அது! திருத்தியவர் அகராதியைப் புரட்டியிருக்கலாம்.

சந்திப்பிழையை விட்டுவிடுக என நான் வாதிடவில்லை. அப்பெண் ஏழு இடங்களில் ஒற்று மிகாமல் எழுதியிருந்தார். அவற்றைத் திருத்தியது முறையே. ஆனால் ஒற்றுக்குக் குறைத்தவர், பாட்டிக்கு என்ன கொடுத்தார்? பொற்கரங்களில் பிழையில்லை என்கிறார்கள். எப்படி இருக்கும்? பலர் கைபட்டுத் தேய்ந்த நாணயமல்லவா அது!

1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதற்கென வளர்ந்த மாதிரிக் கட்டுரைப் பழக்கமோ கல்லூரிப் படியேறி வந்து அமர்ந்திருக்கிறது. அதற்கு நாற்காலி இட்டவர்கள் நாம்.

அடுத்த கட்டுரையை அப்பெண் கதிரவனின் பொற்கரங்களோடு தொடங்கினார். மதிப்பெண் 15.