வழிகாட்டுவோர்க்கும் ஒரு துணை

அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த புல்பிரைட் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்க்கு வழிகாட்டவென அங்குள்ள பல்கலைக்கழகங்களில் ஆலோசகர் உளர். பல வளாகங்களில் அவர் தனியொருவரே. அவருக்கே ஐயமெழுந்தால்? வேறொரு வளாகத்து மூத்த ஆலோசகரையே நாட வேண்டும்.

படிவம், முடிவுத் திகதி ஆகியவற்றைக் கடிதத்திலே கேட்டறியலாம். மாணவன் எழுதிய கட்டுரையில் எவ்விடத்தே கைவைக்கலாகாது என்பதுதான் அரிய பாடமென நாம் கருதுகிறோம். றோட்ஸ் புலமைப்பரிசிலுக்கோ, கட்டுரை தன் சொந்த ஆக்கமே என விண்ணப்பதாரி உறுதிகூற வேண்டும். ஆயினும் நல்ல மாணவனின் நலிந்த வசனத்தைக் கண்டதும் புதிய ஆலோசகரின் பேனா தானே எழும். (நம்மூர் ஆசிரியர் சிலரும் இதற்கு விலக்கல்லர்!) “இதை ஏன் கற்க விரும்புகிறாய்?” என வினவிவிட்டு வாளாவிருக்கும் பொறுமையை மூத்தவரிடம் பழகியே பெறவேண்டும்.

தெரிவாகாத மாணவன் வாயிலில் வந்து நிற்கையில் யாது கூறுவது என்பதையும் அவரிடமே கேட்டறிய வேண்டும்.