எதிர்ப்பு சக்தியைக் கூட்டுறாங்களாம்… எந்த நம்பரை சாமி?

போன மாசம் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூர்ல சாமையும் தேனும் வாங்கிட்டு நிக்கிறப்ப ஒரு பெரியவர் கீழாநெல்லிப் பொடி பாக்கெட்டை நீட்டினார். "கல்லீரலுக்கு எதிர்ப்பு சக்தி கூடும் சார், கேன்சர் கிட்டயே வராது."

அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. அவர் வயித்துப்பாட்டுக்கு விக்கிறார். இதையே படிச்ச நாம பதிவா போட்டு, "அருமை, பகிர்வுக்கு நன்றி"ன்னு நாப்பது பின்னூட்டம் வாங்குறோமே, அதுதான் எரியுது. என் மாமா பையனுக்கு ஹெபடைடிஸ் பி. இப்படி எதையோ படிச்சுட்டு மாத்திரையை நிறுத்திட்டுப் பொடிக்கு மாறினான். மூணு வருஷத்துல ஸ்கேன்ல கட்டி. இப்போ அவன் இல்லை.

கீழாநெல்லியை நான் கேவலமா பேசலை. 1988ல சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் எல்லாம் சேர்ந்து லான்செட்டில் கட்டுரை போட்டாங்க. மூலிகை சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல இருந்த வைரஸோட மேலுறைப் புரதம் மறைஞ்சுது. வெத்து மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். ஆகா! ஆனா அப்புறம் வேற இடங்கள்ல சோதிச்சப்ப அந்தப் பலன் கிடைக்கலை. நம்மாளுங்க முதல் பாதியை மட்டும் முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல எழுதிட்டு இருக்காங்க.

சரி, இந்த 'எதிர்ப்பு சக்தி'ன்னா என்ன? பிறக்கும்போதே நம்ம செல்கள்ல சில காவல்காரங்க இருக்காங்க. டோல் போன்ற ஏற்பிகள்னு பேர். மனுஷனுக்கு 10 வகை. 4ம் நம்பர் பாக்டீரியா மேலுறைத் துண்டைக் கண்டா மணி அடிக்கும். 7ம் 8ம் ஆர்என்ஏவைக் கண்டா அடிக்கும். 9ம் நம்பருக்கு பாக்டீரியா, வைரஸோட டிஎன்ஏ.

குடல்லேர்ந்து வர்ற ரத்தம் நேரா கல்லீரலுக்குத்தான் போகுது. கெட்டுப்போன கல்லீரல்காரங்களுக்குக் குடல் கசிஞ்சா பாக்டீரியா துண்டுகள் வந்துட்டே இருக்கும். 4ம் நம்பர் ஓயாம மணி அடிக்கும். அழற்சி, தழும்பு, கடைசியில புற்று. 2012ல எலிகள்ல பார்த்தாங்க: அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்குக் கட்டி குறைவு. ஆக இந்தக் காவல்காரனை அடக்கணும். ஹெபடைடிஸ் பி-க்கோ 7, 8ஐ உசுப்பிப் பார்த்தாங்க. 7ஐ உசுப்புற வெசடோலிமோட் மாத்திரை மனுஷங்ககிட்ட பெருசா சாதிக்கலை.

புரியுதா? ஒண்ணை அடக்கணும், இன்னொண்ணை எழுப்பணும். பொத்தாம்பொதுவா 'கூட்டுறேன்'னா எந்த நம்பரை ஐயா கூட்டுறீங்க? 4ஐக் கூட்டினா வினையை விலைக்கு வாங்கின கதைதான். கல்லீரல் புற்றுக்குன்னு இந்த ஏற்பிகளைக் குறிவச்ச மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரலை.

நிஜமா ஜெயிச்சது 9ம் நம்பர்தான், அதுவும் தடுப்பூசியில. 2017ல அமெரிக்காவுல அனுமதிச்ச ஹெபடைடிஸ் பி ஊசி அதை எழுப்பித்தான் ரெண்டே டோஸ்ல வேலை செய்யுது. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, 1984ல சாதாரண ஊசியை ஆரம்பிச்ச தைவான்ல 6-14 வயசுப் பிள்ளைங்களோட கல்லீரல் புற்று லட்சத்துக்கு 0.70லேர்ந்து 0.36 ஆச்சு.

அந்த ஊசி நம்ம அரசு ஆஸ்பத்திரியில இலவசம். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள முதல் டோஸ் போடணும். மலைக் கிராமத்துல வீட்டுலயே பிரசவம் ஆனா அதுதான் முதல்ல தவறும். ஜவ்வாது மலையைப் பத்தி எழுதுறவங்க பீமன் மடவு அருவி போட்டோவோட இதையும் ரெண்டு வரி எழுதுங்க. ஏற்கெனவே வைரஸ் இருக்கிறவங்களுக்கு, 2018ல தொடங்கின தேசியத் திட்டத்துல மாத்திரையும் இலவசம். டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க.

டிஸ்கி: திட்டுறவங்க தாராளமா திட்டலாம். எந்த நம்பர்னு சொல்லிட்டுத் திட்டுங்க :-)