காக்க வந்த கரம்

தோழனே,

காய்ச்சலில் துவண்ட தளிரைத் தோளில் சுமந்து, மருத்துவமனை வாயிலில் நிற்கிறாள் தாய். குழந்தையின் கைகால் சில்லிட்டன, நாடி நலிந்தது. மருத்துவர் என்ன செய்வார்? குருதிக் குழாயில் உப்புநீரை விரைந்து செலுத்துவார். அதுவே பாடம், அதுவே பழக்கம், ஏட்டில் எழுதியிருந்ததும் அதுவே!

"இம்முறை உயிர் காக்கிறதா?" என்று கேட்டனர் சிலர். கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில், செயற்கைச் சுவாசக் கருவியற்ற மருத்துவமனைகளில், 3,141 குழந்தைகளிடம் ஆராய்ந்தனர். 2011-இல் விடை வந்தது. மருத்துவ உலகம் திகைத்தது!

விரைந்து நீர் பெற்றோரில், 48 மணி நேரத்துக்குள் மாண்டவர் நூற்றுக்கு ஏறத்தாழ 10.5. அவ்வாறு பெறாதோரிலோ 7.3. காக்க வந்த கரமே, அறியாமல் காலனுக்குத் துணை போயிற்று!

மருத்துவர் மனத்தில் மாசுண்டோ? இல்லை. ஆனால் அன்பு மட்டும் அறிவாகிவிடுமா? பழக்கம், வெள்ளை அங்கி அணிந்து வந்தால் மெய்யாகிவிடுமா?

2016-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நெறிமுறையைத் திருத்தியது: முழு அதிர்ச்சி நிலையை எட்டாத காய்ச்சல் குழந்தைக்கு விரைந்து நீர் செலுத்துதல் வேண்டா! வயிற்றுப்போக்கால் வற்றிய குழந்தையின் நிலை வேறு. அதற்கு நீரே உயிர். இரண்டையும் நொடியில் பிரித்தறியும் கண்ணைத் தருவதே பயிற்சி. அக்கண்ணுக்கு ஒளி தருவதே ஆராய்ச்சி.

இவற்றுக்குப் பணம் கேட்டால், வீண் செலவு என்பாருண்டு. அவர்களிடம் கேள், தோழனே: நூற்றுக்கு மூன்று தளிர்கள் அற்பமோ?