ஆறு ஆண்டுகள், இரண்டு வழிகள்



பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியானதும் அநேக வீடுகளில் எழும்பும் கேள்வி இது: பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பொறியியல் கல்லூரியா, இப்போதே பாலிடெக்னிக்கா? பாலிடெக்னிக் மதிப்பெண் குறைந்தவர்களுக்குரியது என்றெண்ணி, கடன்பட்டாகிலும் முதல் வழியையே தெரிந்துகொள்ளுகிறவர்கள் பலர்.

சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். மேல்நிலைப் படிப்பு 2 ஆண்டுகள், பொறியியல் 4 ஆண்டுகள், ஆக 6. டிப்ளமோ 3 ஆண்டுகள், பின்பு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து 3 ஆண்டுகள், அதுவும் 6. முடிவில் கிடைக்கும் பட்டமும் ஒன்றே.

வேறுபாடு நடுவில் உள்ளது. வாடகையும் வேலையும் நிலையற்ற நகர வாழ்வில், மூன்றாம் ஆண்டோடு படிப்பு நின்றுபோனால், முதல் வழியில் சென்ற பிள்ளையின் கையில் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டுமே இருக்கும். மற்றப் பிள்ளையிடமோ டிப்ளமோ இருக்கும். உரிய பிரிவில் அதைப் பெற்றவர் ரயில்வேயின் இளநிலைப் பொறியாளர் தேர்வை எழுதலாம்.

ஆயினும் எச்சரிக்கை தேவை. மருத்துவம் விரும்பும் பிள்ளைக்கு இவ்வழி உதவாது. நேரடி இரண்டாம் ஆண்டு இடங்களுக்குப் போட்டி உண்டு; சேர்ந்தபின் கணிதம் கடினமாயிருக்கும். கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா என்றும், நீங்கள் வாழும் மாநிலம் எந்த இருப்பிடச் சான்றிதழைக் கேட்கிறது என்றும் முன்னதாகவே விசாரியுங்கள்.

பிறர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி முடிவெடுக்காதிருங்கள். முதலாவது பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். பின்பு வீட்டின் வருமானத்தை அவனுக்கோ அவளுக்கோ மறைக்காமல் சொல்லுங்கள்.