கொழுப்பும் எலும்பாகுமா?

"உனக்குக் கொழுப்பு அதிகம்!" என்று யாரையாவது திட்டாத வீடு நம் புதுச்சேரியில் உண்டா, சகோதரிகளே? அந்தக் கொழுப்புக்கும் ஒரு யோகம் வந்திருக்கிறது.

சென்ற வாரம் வைசியாள் வீதியில் தெரிந்த பாட்டி ஒருத்தியைப் பார்க்கப் போனேன். குளியலறையில் வழுக்கி விழுந்து ஆறு மாதமாயிற்று. கால் எலும்பு இன்னும் கூடவில்லை.

"வயிற்றுக் கொழுப்பை எடுத்து ஊசியாகப் போட்டால் எலும்பு கூடிவிடுமாமே! சங்கிலியை அடகு வைக்கலாமென்று பார்க்கிறேன். நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று கேட்டாள்.

விஷயம் முழுப் பொய்யல்ல. கொழுப்புக்குள் 'ஸ்டெம் செல்' என்னும் தாய் உயிரணுக்கள் இருக்கின்றன. பக்குவமாய் வளர்த்தால் அவை எலும்பாகவும் மாறக்கூடும் என்று 2001-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். 2004-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. தலையில் அடிபட்டு மண்டையோட்டு எலும்பை இழந்த ஏழு வயதுச் சிறுமிக்கு, அவளுடைய கொழுப்பிலிருந்து எடுத்த உயிரணுக்களையும் இடுப்பெலும்புத் துணுக்குகளையும் சேர்த்து வைத்தார்கள். மூன்று மாதத்தில் புது எலும்பு தென்பட்டது. 2008-ல் பின்லாந்துச் செய்தி இன்னும் வேடிக்கை. 65 வயதுக்காரர் ஒருவருக்கு அவருடைய கொழுப்பணுக்களைக் கொண்டே மேல்தாடை எலும்பு செய்து, வயிற்றுத் தசைக்குள் வைத்து வளர்த்து, பிறகு முகத்தில் பொருத்தினார்கள். நாம் பிள்ளையைச் சுமப்பது பத்து மாதம். அவர் தாடையைச் சுமந்தது ஒன்பது மாதம்!

ஆனால், அந்தச் சிறுமிக்கு எலும்புத் துணுக்குகளும் வைத்தார்களே! பலித்தது எதனால் என்று அடித்துச் சொல்ல முடியுமா? ஒருவர் இருவருக்குப் பலித்ததை ஊருக்கெல்லாம் மருந்தாக்கிவிட முடியாது. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், இதை அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கலாகாது என்கின்றன.

ஆகவே சகோதரிகளே, யாராவது லட்சக் கணக்கில் கேட்டால் ஒரே கேள்வி கேளுங்கள்: "மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேட்டில் உங்கள் ஆராய்ச்சியின் எண் என்ன?" எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கூடாத எலும்புக்குப் பழகிய வழி இருக்கவே இருக்கிறது. தகடு வைத்து இறுக்கி, இடுப்பெலும்புத் துணுக்கை வைத்து ஒட்டுவார்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் அடக்க வேண்டும். 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வாரிசான ஜிப்மர் நம் ஊரிலேயே இருக்க, அடகுக் கடை எதற்கு?

பாட்டி சங்கிலியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "சரி, என் கொழுப்பு என்னிடமே இருக்கட்டும்!" என்றாள்.

திங்கட்கிழமை ஜிப்மருக்குப் போகிறோம். துணைக்கு நானும்!